பாலத்தில் ஒரு மணி நேரம்

டோர்னியோவிலிருந்து ஹப்பராந்தாவுக்குப்
பாலம் கடக்கச் சைக்கிளில் நான்கு நிமிடம்.
பின்லாந்து முடிந்து சுவீடன் தொடங்கும்;
கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும்.
சும்மா கிடைத்த அந்த ஒரு மணியைத்தான்
பதினான்கு வயதில் நாங்கள் செலவழித்தோம்.

ஆறு பேர். முதுகில் ஐஸ் ஹாக்கிப் பைகள்.
மைனஸ் இருபத்திரண்டில்
சங்கிலி இறுகி முனகும்.
இக்கரையில் விற்கக் கூடாத நூஸ்கா
அக்கரையில் ரொட்டிக்குப் பக்கத்துத் தட்டில்.
யார்க்கோவுக்கு மீசை அரும்பியிருந்தது,
ஆகவே கடைக்குள் அவன்தான் போவான்.

தேயிலைப் பை மாதிரி ஒன்று, சுண்டுவிரல் நகத்தளவு,
உள்ளே ஈரப் புகையிலை.
சந்தையில் குதிரைக்குப் பல் பார்ப்பதுபோல
என் மேலுதட்டைத் தூக்கினான்.
"இங்கே வை. துப்பாதே. பத்து நிமிடம்."

மூன்றாம் நிமிடம் ஈறு எரிந்தது.
ஐந்தில் தெருவிளக்குகள் இடம் மாறின.
ஏழில் பாலத்துக் கம்பியைப் பிடித்து வாந்தி எடுத்தேன்,
உறைந்த ஆறு அதை வாங்கிக்கொள்ளவில்லை.
பத்தில்
தலைக்குள் ஏதோ ஓர் அறையில்
யாரோ விளக்கைப் போட்டார்கள்.
அப்படி ஓர் அறை இருப்பதே
அதுவரை எனக்குத் தெரியாது.

பள்ளி மைதானத்தில் குளிர்காலத்து இரவுகளில்
குழாய் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.
விடிந்தால் அது ஆடுகளம்.
ஒரு வருடம், இறுகி முடிப்பதற்குள்
யார் வீட்டு நாயோ குறுக்கே ஓடிவிட்டது.
மார்ச் வரைக்கும் வட்டு அந்தக் குழிகளில் தடுக்கித்
திசை மாறியது.
நான் கோல்கீப்பர். ஒவ்வொரு குழியும் எனக்கு மனப்பாடம்.
அதே நாய் விடிந்தபின் ஓடியிருந்தால்
நகக் கீறலோடு போயிருக்கும்.

மிர்வா புகைக்கத் தொடங்கியது இருபத்தாறில்,
ஆஸ்பத்திரி இரவுப் பணியில், தூக்கத்தை விரட்ட.
ஆறு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை
பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு
உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.
ஒரு வாரம் கதவுகளை அறைந்து சாத்தினாள், அவ்வளவுதான்.

நான் பதினொரு முறை விட்டிருக்கிறேன்.
அதில் ஒரு முறை நூற்று நான்கு நாள்.
"மனசு வைக்கணும்" என்றாள் ஒருநாள்.
பிறகு சொன்னதில்லை.
வைக்கத்தான் பார்க்கிறேன், மிர்வா.
வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒருவன் குடியிருக்கிறான்.
பதினான்கு வயது அவனுக்கு, இன்னமும்.
காலி செய்யச் சொன்னால்
உதட்டைத் தூக்கிக் காட்டுகிறான்.

இப்போது எனக்குச் சுங்கத் துறையில் வேலை.
அதே பாலம்.
கார்களை நிறுத்தி டப்பாக்களை எண்ணுகிறேன்,
அளவு மீறினால் பறிமுதல்.
எண்ணும்போது என் உதட்டடியில் ஒன்று ஊறிக்கொண்டிருக்கும்.
மேலதிகாரிக்குத் தெரியும்.
அவர் உதடும் கொஞ்சம் உப்பல்தான்.

நேற்று மாலை ஒரு மொபெட்.
நூட்டி, வயது பதினைந்து என்றது உரிமம்.
நெஞ்சுப் பையில் ஒரே ஒரு டப்பா.
சுற்றிய காகிதம் கிழியவில்லை.
உதடு தட்டையாக இருந்தது, குழந்தையுடையதுபோல.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று
வாயைத் திறந்தேன்.
அவன் பார்வை நேராக என் உதட்டுக்குப் போனது.
மூடிக்கொண்டேன்.

பிறகு, படிவம் நிரப்பும் சாக்கில்,
"மணி என்ன?" என்றேன்.
"எந்தப் பக்கத்து மணி?" என்றான்.

டப்பாவை உறையில் போட்டு ஒட்டினேன்.
ஒட்டுவதற்கு முன் கை
ஒரு நொடி அதன் எடையைப் பார்த்தது.
மொபெட்டின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்தது.

நேரம் என்ற கட்டத்தில்
ஒரு மணியைக் குறைத்து எழுதியிருக்கிறேன்.
பிழைதான்.
திங்களன்று திருத்தச் சொல்வார்கள்.